குத்தகை நிலுவை என்று நான் வாசித்த வரி

1. சட்டத்தரணியின் கடிதம்

பதிவுத் தபாலில் அந்தக் கடிதம் வந்தபோது பங்குப் பணிமனையில் நான் மட்டும்தான் இருந்தேன். கல்பிட்டிக் குடாநாட்டில், குறிஞ்சிப்பிட்டியைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயில். ஊரின் பெயரை எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குத் தேவையில்லை. பத்தொன்பது வருஷம் அங்கே எழுதுவினைஞராக இருந்தேன். திருமுழுக்குப் பதிவு, கலியாண ஓலை, பூசைக் காசு, சேமக்காலையில் யாருக்கு எந்தக் கல்லறை என்ற பதிவு, எல்லாம் என் கைதான். கணக்கும் என் கைதான். இப்போது கம்பியூட்டரோடு இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் இதை வாசித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, வாசித்தால் போதும்.

கடிதம் புத்தளத்துச் சட்டத்தரணி ஒருவரிடமிருந்து வந்திருந்தது. எங்கள் பாலர் பாடசாலையின் தண்ணீர்த் தாங்கியைத் தாங்கி நின்ற தூண் உடைந்து விழுந்ததில் நாலு வயதுப் பிள்ளையின் கால் நசுங்கியது. கொழும்பில் இரண்டு முறை ஒபரேஷன் செய்தும் பிள்ளை நொண்டித்தான் நடந்தது. இனியும் அப்படித்தான் நடக்கும் என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். நட்டஈடு தராவிட்டால் வழக்கு என்று கடிதம் சொன்னது.

யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. பிள்ளையின் தகப்பன் யூட், வேறொருவரின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறவர். முதலில் அவர் எங்களிடம்தான் வந்தார். நிதிக்குழு கூடி அவருக்கு இருபதாயிரம் ரூபாய் கொடுத்தது, பிள்ளைக்காகப் பூசையும் வைத்தது. அதற்குமேல் அவர் கேட்டபோது, கோயிலிடமே காசு பறிக்கப் பார்க்கிறான் என்று குழுவில் ஒருவர் சொன்னார். அந்தக் கதை யூட்டின் காதுக்குப் போனது. அதன்பிறகுதான் அவர் புத்தளத்துக்குப் போனார்.

தூணில் வெடிப்பு இருந்தது எங்களுக்குத் தெரியாததல்ல. திருத்த வேலைப் பட்டியலில் நானே இரண்டு வருஷம் அதை எழுதியிருந்தேன். இரண்டு வருஷமும் திருநாளுக்கு லைட் போடும் செலவு முந்திக்கொண்டது.

2. கோயில் கூறு

வெளியூர் ஆட்களுக்கு இதைச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. எங்கள் கரையில் பிடிபடும் மீனில் ஒவ்வொரு வள்ளமும் கோயிலுக்கென்று ஒரு கூறு போடும். அந்தக் கூற்றைச் சேர்த்து விற்கும் உரிமையைக் கோயில் வருஷத்துக்கு ஒரு தரம் ஏலத்தில் விடும். ஏலம் எடுத்தவர்தான் குத்தகைக்காரர். மீன் கூடினாலும் குறைந்தாலும் பேசிய காசை மாதாமாதம் அவர் கோயிலுக்குக் கட்ட வேண்டும்.

ஐந்து வருஷமாகக் குத்தகை ஹனீபா நானாவிடம் இருந்தது; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். தொண்ணூறில், யுத்தத்துக்குள், மன்னார் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது குடும்பத்தோடு வந்தவர். கரைத்தீவுப் பக்கத்தில் ஓலைக் கொட்டிலில் தொடங்கி, கல்வீடு கட்டி, ஒரு சின்ன லொறியும் வாங்கியிருந்தார். கோயில் கூற்றை முஸ்லிம் ஆள் எடுப்பதா என்று முதல் வருஷம் ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஏலத்தில் அவர்தான் கூடக் கேட்டார், அத்தோடு பேச்சு அடங்கியது. பிறகு எங்கள் ஆட்களே அவரை மெச்சினார்கள். மாதம் ஐந்தாம் திகதிக்கு முன்னால் பணிமனை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நிற்பார். காசை இரண்டு தரம் எண்ணச் சொல்வார். பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்த பிறகுதான் கதிரையில் இருந்து ஒரு கதை கதைப்பார்.

நான் சொல்லும் வருஷம் குத்தகை ஒன்பது இலட்சம். பன்னிரண்டு மாதமும் பிந்தாமல் கட்டினார். ஒரு சதம் நிலுவை இல்லை.

3. யோசனை என்னுடையது

வழக்கு நீதிமன்றம் போகாமல் ஐந்து இலட்சத்தில் முடிந்தது. பிள்ளையின் காலுக்கு அது மிகக் குறைவு என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். உடன்படிக்கையில் எங்கள் பக்கத்துச் சட்டத்தரணி ஒரு நிபந்தனை சேர்த்தார். காசு கொடுத்ததையும் தொகையையும் இரண்டு பக்கமும் வெளியே சொல்லக்கூடாது. யூட் வாசித்துப் பார்க்காமலே கையெழுத்து வைத்தார்.

காசுக்கு மேலிடத்தை, அதாவது மறைமாவட்டத்தைக் கேட்டோம். அங்கே அதற்கென்று நிதி கிடையாது, பங்கே பார்த்துக்கொள்ள வேண்டும், பிறகு ஏதும் திருப்பித் தரலாமா என்று பார்க்கலாம் என்றார்கள். வங்கியில் இருந்தது குத்தகைக் காசுதான். அதிலிருந்து ஐந்து இலட்சத்தை எடுத்துக் கொடுத்தோம். அதுவரைக்கும் சரி.

ஆனால் எங்கள் கோயிலில் வருஷக் கணக்கை ஞாயிறு பூசை முடிந்ததும் சனத்துக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வெள்ளைக்காரச் சுவாமிமார் காலத்திலிருந்தே அந்த வழக்கம் இருப்பதாகச் சொல்வார்கள். அதில் ஐந்து இலட்சத்தை என்னவென்று வாசிப்பது? பங்குச் சுவாமியார், சொந்த வள்ளங்கள் வைத்துத் தொழில் நடத்தும் நிதிக்குழுத் தலைவர் லீனஸ் சம்மாட்டியார், நான், மூன்று பேரும் இருந்து யோசித்தோம். கூரைத் திருத்தம் என்று போடலாமா என்று சம்மாட்டியார் கேட்டார். கூரையைச் சனம் நிமிர்ந்து பார்க்குமே என்றார் சுவாமியார். பொய் எழுத அவருக்கு மனமில்லை, ஊர் கொதிக்குமோ என்ற பயத்தில் உண்மை எழுதத் துணிவும் இல்லை.

அப்போது நான் வாயைத் திறந்தேன். இந்த வேலைக்கு வருமுன் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிய கெட்டித்தனம் எனக்கு. மேலிடம் திருப்பித் தரலாம் என்று சொல்லியிருக்கிறது, ஆகவே இந்த ஐந்து இலட்சத்தைச் செலவாகக் காட்டாமல் வரவேண்டிய காசாகக் காட்டலாம் என்றேன். மேலிடத்தின் பெயரைப் போட்டால் எதற்கு என்று கேட்பார்கள். காசு எடுத்தது குத்தகையிலிருந்து என்றபடியால் குத்தகை வரியிலேயே நிலுவை என்று போடுவோம், அடுத்த வருஷம் மேலிடத்துக் காசு வந்ததும் அந்த வரியை அழித்துவிடலாம்.

சுவாமியாரின் முகம் தெளிந்தது. சம்மாட்டியார் என்னைப் பார்த்து, "ரீற்றா மிஸ் இல்லாட்டி நாங்க என்ன செய்வம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

குத்தகையில் நிலுவை என்றால் குத்தகைக்காரர் தரவில்லை என்றுதானே ஆகும், அது எப்படி உங்களுக்குத் தோன்றவில்லை என்று பிள்ளைகள் கேட்கலாம். சுவாமியாரைத் திருப்திப்படுத்த வேண்டும், சனம் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டும், கூட்டல் பிழைக்காமல் இருக்க வேண்டும், இந்த மூன்றும்தான் என் மண்டையில் இருந்தன. ஹனீபா நானா கோயிலுக்கு வருகிற ஆளில்லை. அன்றைக்கு அவருடைய நினைவே எனக்கு வரவில்லை.

4. வாசித்த ஞாயிறு

பூசை முடிந்தது. நான் மைக்குக்கு முன்னால் போய் நின்று வாசித்தேன். உண்டியல் இவ்வளவு, திருநாள் இவ்வளவு. பிறகு, மீன் குத்தகை ஒன்பது இலட்சம், கைக்கு வந்தது நாலு இலட்சம், நிலுவை ஐந்து இலட்சம்.

வாசித்து முடித்த அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. ஆண்கள் பக்கத்து வாங்கு இருக்கைகளில் தலைகள் ஒன்றோடொன்று திரும்பின. பின்னாலிருந்து ஒருவர் எழும்பி, "நிலுவையோ? அஞ்சு இலட்சமோ?" என்று கேட்டார். நான் சுவாமியாரைப் பார்த்தேன். "அது பிறகு சரிவரும், மற்றதை வாசியுங்க" என்றார் அவர். நான் மற்றதை வாசித்தேன். மெழுகுதிரிச் செலவையும் மின்சாரக் கட்டணத்தையும் ஒரு எழுத்துப் பிழையில்லாமல் வாசித்தேன்.

ஒருவர் பெயரையும் நாங்கள் சொல்லவில்லை என்று சம்மாட்டியார் பிறகு சமாதானம் சொன்னார். எங்கள் கரையில் குத்தகைக்காரர் ஒருவர்தான். பெயர் எதற்கு?

அந்த நாட்களில் முஸ்லிம் கடைகளில் சாமான் வாங்கக்கூடாது என்று நாட்டில் ஒரு கதை அடிபட்டுக்கொண்டிருந்தது. எங்கள் கரையில் அந்த வியாதி இல்லை என்று நாங்கள் பெருமை பேசினோம். அதுவரை இல்லைதான். நான் வாசித்த வரிக்குப் பிறகு, பார்த்தீர்களா, அவங்கள் அப்படித்தான் என்று சொல்ல ஆட்களுக்கு ஒரு சாட்டுக் கிடைத்தது. அதுவும் கோயில் மைக்கிலிருந்து.

5. பன்னிரண்டு பற்றுச்சீட்டு

கரையில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கோயில் கூற்றுக்குப் பொடிமீனும் நசுங்கிய மீனும் போடத் தொடங்கினார்கள். சிலர் போடாமலே விட்டார்கள். கோயில் காசை முழுங்கியவன் என்று அவர் காதுபடவே சொன்னார்கள். உச்சமுனையிலிருந்து எங்கள் கரைக்கு வரும் ஒரு வள்ளக்காரர் மட்டும் பழையபடி நல்ல மீனாகப் பார்த்துப் போட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஹனீபா நானா ஒரு சனிக்கிழமை பின்னேரம் பணிமனைக்கு வந்தார். வழமைபோலச் செருப்பைக் கழற்றினார், ஆனால் கதிரையில் இருக்கவில்லை. பொலித்தீன் பையிலிருந்து பற்றுச்சீட்டுகளை எடுத்து என் மேசையில் மாத ஒழுங்கில் அடுக்கினார். பன்னிரண்டிலும் என் கையெழுத்து.

"மிஸ், இதுல எந்த மாசம் நான் நிலுவை வெச்ச?" என்றார்.

இல்லை நானா, நீங்கள் ஒன்றும் வைக்கவில்லை, அது வேறொரு கணக்கு என்றேன்.

"வேற கணக்கெண்டா என்ட குத்தகையில ஏன் போட்டீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்ல எனக்கு உத்தரவு இல்லை.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "மன்னார்ல இருந்து வரக்குள்ள எங்கள ஒருத்தருக்கும் தெரியா மிஸ். இந்தக் கரையில எனக்குக் கடன் தாறது, மீன் தாறது எல்லாம் என்ட வார்த்தைய நம்பித்தான். நாளைக்கு ஞாயித்துக்கெழம. அதே மைக்கில ஒரு வார்த்த சொல்லுங்க. ஹனீபா முழுக்கக் கட்டிட்டான் எண்டு. வேற ஒண்டும் வேணா" என்றார்.

பணிமனை முத்திரையோடு கடிதம் ஒன்று தருகிறேன் என்றேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"கடிதத்த நான் ஆருக்கு வாசிச்சுக் காட்டுற? நீங்க வாசிச்சது எல்லாருக்கும் மிஸ்" என்றார். சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

நான் சுவாமியாரிடம் ஓடினேன். சம்மாட்டியாரும் அங்கே இருந்தார். அந்த மனிதர் கேட்பது நியாயம்தானே, ஒரு வசனம் வாசித்தால் உடன்படிக்கை ஒன்றும் முறியாது என்றேன். சம்மாட்டியார்தான் பதில் சொன்னார். "ஹனீபா கட்டிட்டான் எண்டா அஞ்சு இலட்சம் எங்க எண்டு கேப்பாங்க. அப்ப என்ன சொல்லுவீங்க?" சுவாமியார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, கொஞ்சம் பொறுப்போம் ரீற்றா, மேலிடத்துக் காசு வரட்டும் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். அந்தப் பயம் என்னிடமும் இருந்தது.

அடுத்த நாள் பூசையில், கலியாணம் முடிக்கப் போகிறவர்களின் பெயரைச் சனத்துக்கு அறிவிக்கும் கலியாண ஓலை வாசிக்க நான் மைக்குக்குப் போனேன். இரண்டு சோடி ஓலை. வாசித்து முடித்த பின்னும் மைக் என் முன்னால் இருந்தது, கோயில் நிறையச் சனம் இருந்தது. ஒரு வசனம் போதும். நான் கொப்பியை மூடிவிட்டு என் இடத்தில் போய் இருந்தேன். இத்தனை வருஷத்தில் என்னை ஒருவரும் தடுக்காமல் நானே செய்யாமல் விட்ட காரியம் அது.

6. ஏலம்

அடுத்த ஏலத்துக்கு ஹனீபா நானா வரவில்லை. போன வருஷக் குத்தகைக்காரர் முதல் விலையைக் கேட்டுத் தொடக்கி வைப்பதுதான் எங்கள் வழக்கம். கோயில் முன்றலில் சனம் காத்திருந்தது. தொடக்க ஆளில்லை. கடைசியில் சம்மாட்டியாரின் மருமகன் பாதி விலைக்கு எடுத்தான். அவன் மாதக் காசை ஒழுங்காகக் கட்டிய மாதத்தை ஒரு கை விரலில் எண்ணலாம். அந்த நிலுவை மட்டும் கணக்கில் ஏறவில்லை.

கொஞ்ச நாளில் ஹனீபா நானா லொறியை விற்றுவிட்டு மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டார். யுத்தம் முடிந்ததால் பல குடும்பங்கள் அப்படிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஆனால் எங்கள் ஊரில் அவர் காசோடு ஓடிவிட்டார் என்றே பேசினார்கள். மேலிடத்திலிருந்து காசு வரவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் முன்னைய நிலுவை ஐந்து இலட்சம் என்று நான் வாசித்தேன். மூன்று வருஷம் வாசித்தேன்.

7. புதிய சுவாமியார்

பிறகு இளம் சுவாமியார் ஒருவர் மாற்றலாகி வந்தார். வந்த முதல் கிழமையே பழைய கொப்பிகளைக் கேட்டார். நிலுவை வரியில் விரலை வைத்து, இது யார் தரவேண்டியது என்றார். கேட்க ஆளில்லாமல் காத்திருந்தவள்போல எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, அதுவும் சரிதான். யூட்டைக் கூட்டிவரச் சொன்னார்.

உடன்படிக்கையில் இருக்கும் நிபந்தனையைச் சொல்லி, சனத்துக்கு அறிவிக்க உங்களுக்குச் சம்மதமா என்று அவர் யூட்டைக் கேட்டார்.

யூட் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "சொல்லக்கூடாதெண்டு நாங்க எப்ப சாமி கேட்டம்? புள்ளட கால் நொண்டுறது ஊருக்கே தெரியுது. கோயில் தந்ததெண்டு சொன்னா கோயிலுக்குத்தானே மதிப்பு" என்றார்.

அடுத்த ஞாயிறு சுவாமியாரே கணக்கை வாசித்தார். தூண் வெடித்திருந்தது எங்களுக்குத் தெரியும் என்பதையும், ஐந்து இலட்சம் கொடுத்ததையும், ஹனீபா என்பவர் ஒரு சதமும் பாக்கி வைக்கவில்லை என்பதையும் பெயர் சொல்லி வாசித்தார். ஊர் கொதிக்கும் என்றுதானே நாங்கள் மூன்று வருஷம் பயந்து கிடந்தோம். ஒருவரும் கொதிக்கவில்லை. வெளியே வரும்போது கருவாடு போடும் மதலேனம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இதுக்கா புள்ள ஒளிச்சீங்க? சொல்லியிருந்தா வீட்டுக்கு வீடு சேத்துத் தந்திருப்பமே" என்றார்.

உண்மைதான். சுனாமிக்குக் கொடுத்த சனம், அகதியாக வந்தவர்களுக்குச் சோறு கொடுத்த சனம். அவர்களுடைய காசையே அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துவிட்டு, அவர்கள் கோபித்துவிடுவார்கள் என்று நாங்களே முடிவு செய்திருந்தோம்.

8. மன்னார்

ஹனீபா நானா அதைக் கேட்க அங்கே இல்லை. சுவாமியாரிடம் லீவு கேட்டு, புதிய கணக்கின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் மன்னார் டவுனில் வலைச் சாமான் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, பின்னால் இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போய் மனைவியிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். மெலிந்திருந்தார். நான் இருக்காமல் நின்றபடியே கணக்கை முழுவதும் வாசித்தேன். வாசித்து முடித்து, அந்த யோசனை சுவாமியாருடையதில்லை, சம்மாட்டியாருடையதில்லை, என்னுடையது என்றேன். மன்னிக்கச் சொன்னேன்.

அவர் கணக்கின் பிரதியை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அல்லாவுக்காக எப்பவோ மன்னிச்சிட்டேன் மிஸ். அது பெரிய விசயமில்ல. என்ட மகன் ஒங்கட ஊர்ப் புள்ளயளோடதான் படிச்சவன். அவனுக்கு அங்க கூட்டாளிமார். அவங்க கேட்டுக் கேட்டு, ஒரு நாள் அவன் என்னட்டக் கேட்டான், வாப்பா, உண்மையா நீங்க எடுக்கல்லயா எண்டு. நான் இல்லெண்டு சொன்ன. அவன் சரியெண்டான். ஆனா நம்பல்ல. எனக்குத் தெரியும்."

மகன் இப்போது கட்டாரில் வேலை. அவர் போனை எடுத்து அழைத்து, அவனிடம் ஒன்றும் விளக்காமல் என் கையில் தந்தார். நான் யார் என்று சொன்னேன். உன் வாப்பா ஒரு சதமும் எடுக்கவில்லை மகன், பிழையான கணக்கை எழுதியதும் வாசித்ததும் நான்தான் என்றேன். "வாப்பாட்ட குடுங்க" என்றான். அவ்வளவுதான்.

ஹனீபா நானா போனை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நான் தேத்தண்ணி குடித்து முடித்தும் அவர் உள்ளே வரவில்லை. அவருடைய மனைவி என் முகத்தைப் பார்க்காமல் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சொல்லாமலே புறப்பட்டு வந்தேன்.

கோயிலோ பள்ளிவாசலோ சங்கமோ, சனத்தின் காசுக்குக் கணக்கெழுதப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஒரு வரியை மறைத்து எழுதச் சொன்னால், அந்த வரி வெளியே யார் தலையில் விழும் என்று முதலில் கேளுங்கள். அவர் அந்த அறையில் இல்லாத ஆள் என்றால் பேனையை வைத்துவிடுங்கள். கால் நசுங்கிய ஒரு பிள்ளைக்கு நாங்கள் காசு கொடுத்தது நல்ல காரியம். அந்த நல்ல காரியத்தை ஒளிப்பதற்காக ஒரு தகப்பனை அவருடைய மகனிடம் கள்ளனாக்கி வைத்தேன்.